லிலி மார்லேன்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைவீரர்களும் அவர்களோடு மோதிய பிரிட்டிஷ் வீரர்களும் ஒருசேர விரும்பிக் கேட்ட ஜெர்மன் மொழிக் காதல் பாடல்.

வரிகளை எழுதியவர் ஹாம்பர்க் நகர எழுத்தாளர் ஹான்ஸ் லைப். முதல் உலகப் போரின்போது, 1915-இல், போர்முனைக்குப் புறப்படும் முன் பெர்லினில் எழுதினார். படைமுகாம் வாசலில் ஒரு தெருவிளக்கு. அதன் கீழே காதலர் இருவர் பிரிய மனமின்றி நிற்கிறார்கள். பியூகிள் ஊதியதும் அவன் உள்ளே போயாக வேண்டும். தனக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால் அந்த விளக்கடியில் அவளோடு யார் நிற்பார் என்று கலங்குகிறான். மண்ணுக்குள் போனாலும் அங்கே வந்து நிற்பேன் என்று முடிக்கிறான். பகைவனைப் பற்றியோ வெற்றியைப் பற்றியோ ஒரு சொல்கூட இல்லை. வீரர்களின் மனத்தை இது தொட்டதற்கு அதுவே காரணம்.

கவிதை 1937-இல் நூலாக்கம் பெற்றது. மறு ஆண்டு நோர்பர்ட் ஷுல்ட்ஸே இசையமைத்தார். போர் மூளுவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1939-இல், பாடகி லாலே ஆண்டர்சன் குரலில் இசைத்தட்டாகப் பதிவானது. அது விலைபோகவில்லை.

பெல்கிரேடு நகரை ஜெர்மனி கைப்பற்றிய 1941-இல் நிலைமை மாறியது. அங்கே தொடங்கிய ராணுவ வானொலியில் இசைத்தட்டுகள் குறைவு. கையில் கிடைத்தவற்றுள் இதுவும் ஒன்று. ஒலிபரப்பை நிறுத்தியபோது, மீண்டும் போடும்படி வீரர்களின் கடிதங்கள் குவிந்தன. அதன்பின் இரவுதோறும் பத்து மணிக்குச் சற்று முன் அது ஒலித்தது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் அந்த அலைவரிசை தெளிவாகக் கிடைத்ததால், பிரிட்டனின் எட்டாவது ராணுவத்தினரும் தங்கள் வானொலியை அதற்குத் திருப்பினார்கள். சொல் புரியாதவர்களும் மெட்டை முணுமுணுத்தார்கள்.

நாஜி பிரசார அமைச்சர் கெப்பல்ஸுக்கு இப்பாடல் பிடிக்கவில்லை. சோகம் படையினரின் ஊக்கத்தைக் கெடுக்கும் என்பது அவர் எண்ணம். வீரர்களின் மனம் அவருக்குப் பிடிபடவில்லை என்றே சொல்ல வேண்டும். வீட்டு நினைவை ஒருவர் தங்களுக்காக வாய்விட்டுச் சொன்னதில்தான் அவர்கள் ஆறுதல் கண்டார்கள். சுவிட்சர்லாந்திலிருந்த யூத நண்பர்களோடு தொடர்பு வைத்திருந்ததற்காக, 1942-இல் ஆண்டர்சன் மேடையேறத் தடை விதிக்கப்பட்டது.

எதிரி மொழியில் தம் வீரர்கள் பாடுவதைப் பிரிட்டனில் பலர் விரும்பவில்லை. அதனால் பாடலாசிரியர் டாமி கானர் ஆங்கில வரிகள் எழுத, பாடகி ஆன் ஷெல்டன் பாடினார். நாஜி ஆட்சியை எதிர்த்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஜெர்மானிய நடிகை மார்லேன் டீட்ரிச், நேச நாட்டு வீரர்களுக்காகப் போர்முனை மேடைகளில் இதைப் பாடினார்.