வலைக்குள் வந்த நீர்மூழ்கி



போன கிழமை தரம் 10க்கு உலகப் போர்கள் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நீர்மூழ்கிகளைப் பற்றிச் சொல்லும்போது பின் வாங்கில் இருந்த ஒரு மகன் எழும்பி, "சேர், அது கீழால வந்தா வாப்பாட போட்டுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அவருடைய வாப்பா நெடுநாள் படகில் போகிறவர். "தெரியாது மகன்" என்றுதான் அந்த நேரம் சொன்னேன். பதில் பிழையில்லை, ஆனால் அரைவாசிதான். நமதூரில் கடலுக்குப் போகிற வீடுகள் நிறைய இருப்பதால் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் கிளைட் என்றொரு கடற்பரப்பு இருக்கிறது. இரண்டு பக்கமும் மலை, நடுவே ஆழமான நீர். பிரித்தானியாவின் அணுசக்தி நீர்மூழ்கிகளின் தளமும் அங்கேதான், தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வாழும் சிறு கிராமங்களும் அங்கேதான். அதில் ஒன்று கரடேல். அந்த ஊரின் 'அன்டாரிஸ்' என்ற படகு, 1990 நவம்பர் 22 அதிகாலை இரண்டு மணி கடந்த நேரம், நான்கு பேரோடு அரன் தீவுக்குப் பக்கத்தில் மடி இழுத்துக்கொண்டிருந்தது.

அதே இரவு அதே தண்ணீருக்குள் 'ட்ரெஞ்சன்ட்' என்ற நீர்மூழ்கி ஓடிக்கொண்டிருந்தது. நீளம் சுமார் 85 மீற்றர். நீர்மூழ்கிக்குக் கப்டன் ஆக விரும்பும் அதிகாரிகளுக்கான பயிற்சி அதில் நடந்தது. மிகக் கடினமான பயிற்சி என்பார்கள், தவறினால் மறுபடி சந்தர்ப்பம் கிடையாது. அதை நடத்துகிற மூத்த அதிகாரியைப் பிரித்தானியக் கடற்படையில் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். முதன்முதல் வாசித்தபோது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

ஆழத்தில் ஓடும் நீர்மூழ்கிக்குக் கண் கிடையாது, காதுதான் இருக்கிறது. மேலே போகிற இயந்திரங்களின் சத்தத்தை வைத்தே யார் எங்கே என்று கணக்குப் போடுகிறார்கள். படகின் இயந்திரம் சத்தம் போடும். ஆனால் படகுக்குப் பின்னால் சரிந்து இறங்கும் இழுவைக் கம்பியும் அதன் நுனியில் இருக்கும் மடியும் அப்படிக் கேட்காது. படகில் முட்டாமல் விலகிப் போகிற நீர்மூழ்கிகூட அந்தக் கம்பியில் மாட்டலாம். மாட்டினால் ஆயிரக்கணக்கான தொன் எடை ஒரு சிறு மரப்படகைப் பின்பக்கமாக இழுக்கிறது. பின்னணியம் தாழ்ந்து தண்ணீர் ஏற சில நொடிகள் போதும்.

அன்டாரிஸுக்கு நடந்தது அதுதான். நான்கு பேரும் உயிரிழந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நீர்மூழ்கிக்குள் சத்தம் கேட்டிருக்கிறது. ஏதோ வலையில் பட்டுவிட்டோம் என்பதும் விளங்கியிருக்கிறது. பார்த்தபோது பக்கத்தில் இரண்டு மீன்பிடிப் படகுகள் வழமைபோல நின்றன. அப்படியானால் எவருக்கும் ஒன்றும் இல்லை என்று முடிவு செய்து போய்விட்டார்கள். மூன்றாவது படகு ஒன்று இருந்ததா என்று எண்ணிப் பார்க்கவில்லை. தேடுதல் தொடங்க மணித்தியாலங்கள் போயின. கடல் விபத்து விசாரணைப் பிரிவு பிறகு தன் அறிக்கையில், நீர்மூழ்கியில் காவற்பணி நடந்த ஒழுங்கும் தரமும் குலைந்திருந்ததே காரணம் என்று எழுதியது. படகுக்காரரிடம் பிழை இருந்ததாகச் சொல்லவில்லை.

இது முதலாவதும் இல்லை. 1982 ஏப்ரலில் ஐரிஷ் கடலில் 'ஷரெல்கா' என்ற அயர்லாந்துப் படகை இதே மாதிரி இழுத்துக் கவிழ்த்தார்கள். ஆட்கள் தப்பினார்கள். எங்கள் நீர்மூழ்கிதான் என்று பிரித்தானியா ஒத்துக்கொள்ள இரண்டு கிழமை அளவில் எடுத்தது.

அன்டாரிஸின் நான்கு பேருக்குப் பிறகுதான் ஒழுங்குகள் இறுகின. இன்ன பகுதியில் நீர்மூழ்கி நடமாடும் என்று கரையோரக் காவல் வானொலியில் முன்கூட்டியே படகுகளுக்கு அறிவிக்கிறார்கள். 'சப்ஃபக்ட்ஸ்' என்று அதற்குப் பெயர். மூழ்கி ஓடும் நீர்மூழ்கிதான் மீன்பிடிப் படகை விட்டு விலக வேண்டும் என்பதும் எழுத்தில் வந்தது. யோசித்துப் பார்த்தால் வேறு வழியும் இல்லை. மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவன் தெரியவே மாட்டான், பிறகு அவன் எப்படி விலகுவது?

எழுதி வைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. 2015 ஏப்ரல் 15இல் வட அயர்லாந்தின் ஆர்ட்கிளாஸ் துறைமுகத்துப் படகு 'கேரன்' பட்டப்பகலில் திடீரென்று பின்பக்கமாக ஓடத் தொடங்கியது. உள்ளே இருந்த நான்கு பேரும் ஓடிப்போய் வின்சின் பிரேக்குகளை விடுவித்தார்கள். ஒரு பக்கக் கம்பி முழுவதும் கழன்று ஓடியது. மற்றது உருளையில் சிக்கியது, படகு ஒரு பக்கம் சரிந்து பின்னணியம் தண்ணீருக்குள் போனது. அந்த நேரம் அந்தக் கம்பி அறுந்தது. அல்லாஹ்வின் நாட்டம், நான்கு பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அந்த நீர்மூழ்கியும் கேரனை மீன்பிடிப் படகு என்று அறியவில்லை, சாதாரண வணிகக் கப்பல் என்று கணித்திருந்தது. நம்முடையதுதான் என்று பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு ஒத்துக்கொண்டது செப்டெம்பரில், ஐந்து மாதத்துக்குப் பிறகு.

ஆழத்தில் இருந்து மேலே வருகிற நேரம் இன்னும் ஆபத்தானது. 2001 பெப்ரவரி 9இல் ஹவாய்க்கு அருகே அமெரிக்காவின் 'கிரீன்வில்' நீர்மூழ்கி, கப்பலில் இருந்த 16 சிவிலியன் விருந்தாளிகளுக்கு அவசரமாக மேலெழும் வித்தையைக் காட்டியது. அதற்கு முன் பெரிஸ்கோப்பால் நாலாபுறமும் பார்க்க வேண்டும். பார்த்தார்கள், ஆனால் அவசரத்தில். நேர் மேலே இருந்தது 'எஹிமே மாரு', ஜப்பானின் உவாஜிமா மீன்பிடி உயர் பாடசாலையின் பயிற்சிக் கப்பல். 35 பேரில் 9 பேர் இறந்தார்கள். அதில் நான்கு பேர் மாணவர்கள், இரண்டு பேர் அவர்களைக் கூட்டிப்போன ஆசிரியர்கள். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் எந்த ஆசிரியருக்கும் இதை வாசித்துவிட்டுத் தூக்கம் வராது. நீர்மூழ்கியின் தளபதி அடுத்த வருடம் உவாஜிமாவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்.

நமக்கும் இதற்கும் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 2024 பெப்ரவரியில், நமது சுதந்திர தினத்துக்கு முதல் நாள், இந்தியாவின் 'கரஞ்ச்' நீர்மூழ்கி கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. படங்களை நம்மில் பலர் பகிர்ந்தோம். அதே கரஞ்ச் அதே வருடம் நவம்பர் 21இல் கோவாவுக்கு வடமேற்கே சுமார் 70 கடல் மைலில் 'மார்த்தோமா' என்ற மீன்பிடிப் படகுடன் மோதியது. 13 பேரில் 11 பேர் மீட்கப்பட்டார்கள். இரண்டு பேர் திரும்பவில்லை.

சர்வதேசச் சட்டப்படி ஒரு நாட்டின் 12 கடல் மைலுக்குள் வருகிற வெளிநாட்டு நீர்மூழ்கி மேலே மிதந்து, கொடியைக் காட்டிக்கொண்டுதான் வர வேண்டும். கரையோரத்தில் வள்ளம் விடுகிறவர்கள் பயப்பட ஒன்றும் இல்லை. நமது நெடுநாள் படகுகள் வலை போடுவது அந்த எல்லைக்கு வெகு தூரத்துக்கு அப்பால். அங்கே மூழ்கி ஓட எவருக்கும் தடையில்லை.

ஆக, படகுக்காரர் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது. நீர்மூழ்கி பெரிஸ்கோப் உயரத்துக்கு வந்தபின்தான் அதற்கு விளக்கும் ரேடாரும் வானொலியும் பயன்படும். அதனால் வலை போட்டிருக்கும்போது பச்சைக்கோ சிவப்புக்கோ கீழே வெள்ளை என்ற முறைப்படியான விளக்குகள் எரிய வேண்டும். மடி இழுக்கிறவனுக்குப் பச்சை, மற்ற மீன்பிடிக்குச் சிவப்பு. பற்றரி மிச்சம் பிடிக்கிறோம் என்று அணைத்துவிட்டுப் படுப்பவர்களை நான் அறிவேன். இயந்திரத்தை நிறுத்தி வலையோடு மிதக்கிற படகுக்குச் சத்தமே இல்லை, கீழே இருப்பவன் காதுக்கு அது இல்லாத படகு. வானொலியில் 16ஆம் அலைவரிசை திறந்திருக்க வேண்டும், கடற்படைப் பயிற்சி அறிவித்தல்களைப் புறப்பட முன் கேட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்க, பிரித்தானிய நீர்மூழ்கிகள் விடும் சிவப்புப் புகையைக் கண்டால் அது அவசரமாக மேலே வருகிறது என்று பொருள், அந்த இடத்தை விட்டு விலகிவிட வேண்டும்.

மற்றது, கேரன் படகின் ஆட்கள் செய்தது. நம்மவர்களிடம் இழுவை மடி இல்லை, செவுள் வலையும் ஆயிரங்கால் தூண்டிலும்தான். ஆனாலும் வலையின் கயிறு படகில்தானே கட்டியிருக்கிறது. படகு தானாக ஓடத் தொடங்கினால் வலையின் விலையை யோசிக்க நேரம் இருக்காது.

இன்று இடைவேளையில் அந்த மகனைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். வாப்பா கரைக்கு வந்ததும் ஒரு கேள்வி கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்: கயிறு வெட்டுகிற கத்தி படகில் எந்த இடத்தில் இருக்கிறது, இருட்டில் கை வைத்தால் கிடைக்குமா?