பழவேற்காட்டில் இடித்த வெடிமருந்து

பழவேற்காடு என்றதும் நமக்கு இறாலும் பூநாரையும்தான் ஞாபகம் வரும். ஆனால் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களின் வெடிமருந்து ஆலை ஒன்று இங்கே இருந்தது தெரியுமா? 1613ல் எழும்பிய ஜெல்ட்ரியா கோட்டைதான் அவர்களுக்குச் சோழமண்டலக் கரையின் தலைமையிடம். இங்கே தயாரான மருந்து கப்பலேறி பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குப் போனது.

கரிமருந்தில் மூன்றே பொருள்: வெடியுப்பு, கந்தகம், கரி. ஒரு பொறி பட்டால் முடிந்தது கதை. 1654ல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரக் கிடங்கில் சுமார் 30 டன் மருந்து வெடித்து ஊரின் ஒரு பகுதியே தரைமட்டமானது. ஓவியர் காரெல் ஃபாப்ரிடியஸ் இறந்தது அந்த விபத்தில்தான்.

சரி, கிடங்கு தப்பினாலும் குழாய் தப்ப வேண்டுமே! மருந்தைக் குருணையாக்கித்தான் பயன்படுத்துவார்கள். பீரங்கிக்குப் பெரிய குருணை, துப்பாக்கிக்குச் சிறியது. சிறியது வேகமாக எரியும். அதைப் பீரங்கியில் நிரப்பினால் அழுத்தம் சட்டென்று ஏறி, சுடுபவனின் பக்கத்திலேயே பீரங்கி வெடிக்கலாம்.

அந்த அழுத்தம் எவ்வளவு என்று கணக்குப் போட்டவர் பெஞ்சமின் ராபின்ஸ். காற்றழுத்தத்தைப் போல சுமார் 1000 மடங்கு என்று 1742ல் எழுதினார். பிற்பாடு கிழக்கிந்தியக் கம்பெனி வேலையாக நம் பக்கம் வந்து, 1751ல் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காலமானார்.

1884ல் பிரான்சில் புகையில்லா மருந்து வந்தது. இங்கிலாந்து கார்டைட் செய்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரி அருவங்காட்டிலும் அதற்கு ஆலை வந்தது. இதற்கு வலு அதிகம். கரிமருந்துக்குப் பழகிய கை அதே அளவு இதை அள்ளிப் போட்டால் துப்பாக்கி சிதறும். மருந்து கொஞ்சம் கூடினாலும், குண்டு கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் அழுத்தம் எகிறும். வெயிலும் கார்டைட்டுக்கு ஆகாது. அதனால் வெப்ப நாடுகளுக்கென்றே மருந்தைக் குறைத்த வேட்டைத் தோட்டாக்களை இங்கிலாந்தில் தனியாகச் செய்து விற்றார்கள். கையால் தோட்டா நிரப்புகிறவர்கள் இன்றும் ஒவ்வொரு தடவையும் தராசில் நிறுத்துப் போடுவது இதனால்தான். கண்ணளவு அங்கே உதவாது.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன, பெயரும் தேதியும் செதுக்கியபடி. பொறிக்குப் பயந்து பயந்து அந்த மருந்தை இடித்த கைகள் யாருடையவை? அதையும் யாராவது எழுதினால் நம் சரித்திரம் இன்னும் கொஞ்சம் முழுசாகும்.