பாயிண்ட் கேப்பும் அப்பாவின் மணிக்கட்டும்

போன ஞாயித்துக்கிழமை எங்க பழைய பெட்ரோல் ஜீப்புக்கு டியூனிங் பண்ணினேன். அப்பா வாங்கின மஹிந்திரா. பின்சீட்டைக் கழட்டிட்டு தக்காளிக் கூடை ஏத்தறதுக்குத் தொட்டி கட்டியிருக்கோம். இந்த மாதிரி வண்டி வெச்சிருந்த பலபேர் டீசல் எஞ்சினுக்கு மாத்திட்டாங்க. நான் மாத்தல.

1989ல் எனக்கு 19 வயசு. மறுநாள் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் போகணும், வண்டி இழுவை இல்லை. நானே டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, கண்மதிப்பா கொஞ்சம் திருப்பி இறுக்கிட்டேன். விடியக்காலம் பாத்தா பேட்டரி இறங்கிக் கிடக்கு. அப்பா முன்னாடி கம்பியைப் போட்டுச் சுத்தினார். எஞ்சின் திருப்பி உதைச்சதுல அவர் வலது மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு.

அந்த உதை ஏன் வந்ததுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். பிஸ்டன் மேலே வந்து முடியற சமயத்துல பிளக்கில் தீப்பொறி விழணும். எஞ்சின் வேகமா ஓடறப்ப பொறி கொஞ்சம் முந்தி விழுந்தாத்தான் நல்லது, பெட்ரோல் எரியறதுக்கு நேரம் வேணுமில்லையா. ஆனா கையால மெதுவா சுத்தறப்ப அது முந்திக்கிட்டா, ஏறி வர்ற பிஸ்டனை வெடிப்பு கீழே தள்ளும். கம்பி எதிர்ப்பக்கம் சுழலும்.

அமெரிக்க விவசாயிகள் இந்த உதையை நல்லா அனுபவிச்சவங்க. 1908ல் வந்த ஃபோர்டு மாடல் டியில் பொறியை முன்னே பின்னே தள்ள ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். சுத்தறதுக்கு முன்னாடி அதைப் பின்னுக்குத் தள்ள மறந்தா கை போச்சு. சிலிண்டருக்கு ஒண்ணா நாலு மரப்பெட்டி காயில். அதுல துடிக்கிற பாயிண்டை வீட்டிலேயே சரிபண்ணிக்குவாங்க. 1925ல் ஃபோர்டு கம்பெனியே தொட்டி வெச்ச பிக்கப்பா அதை விற்க ஆரம்பிச்சது.

இதுக்கு நடுவுல ஒஹையோவில் பண்ணை வீட்டில் பிறந்த சார்லஸ் கெட்டரிங், டேட்டன் நகரத்தில் எட்வர்டு டீட்ஸ் வீட்டுக் கொட்டகையில் ராத்திரி ராத்திரியா வேலை பார்த்து வேற முறையைக் கண்டுபிடிச்சார். அது 1910 மாடல் காடிலாக்கில் வந்தது. சுத்தற கம்பிக்கே வேலை இல்லாம பண்ணின எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரும் அவரோடதுதான், 1912 மாடலில். ரெண்டும் ஒரே ஆள் கையிலிருந்து வந்தது எனக்கு ஆச்சரியமா இல்லை. பொறியோட சேதி தெரிஞ்சவனுக்குத்தான் உதையோட சேதியும் தெரியும்.

எங்க ஜீப்பில் இருக்கறது அவர் வழியில் வந்த பாயிண்ட்தான். பாயிண்ட் மூடியிருந்தா காயிலில் கரண்ட் ஓடும். திறந்ததும் அறுந்து, பல ஆயிரம் வோல்ட்டா பிளக்குக்குப் பாயும். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 2000 சுத்து சுத்தினா பாயிண்ட் 4000 தடவை திறந்து மூடுது. தேயாம என்ன செய்யும்?

அதனால முதல்ல மூடியைக் கழட்டி, பாயிண்ட் முழுசா திறந்து நிக்கிற இடத்துக்கு எஞ்சினைச் சுத்தி வெச்சேன். ஃபில்லர் கேஜை விட்டுப் பாத்தா இடைவெளி குறைஞ்சிருந்தது. அரை மில்லிமீட்டருக்கு வெச்சேன். பிளக்கில் முக்கால் மில்லிமீட்டர். டைமிங் அப்புறம்தான். கேப் மாறினா டைமிங்கும் மாறிடும், 1989ல் எனக்குத் தெரியாத விஷயம் இது. ஒண்ணாம் சிலிண்டர் பிளக் ஓட்டையில் விரலை வெச்சா, காத்து முட்டித் தள்ளறப்ப அந்தப் பிஸ்டன் ஏறி வருதுன்னு அர்த்தம். உச்சிக்கு 5 டிகிரி முன்னாடி குறியில் நிறுத்தி, பாயிண்ட் வயருக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு சின்ன பல்பைக் கட்டி, சாவியைப் போட்டு டிஸ்ட்ரிபியூட்டரை மெதுவா திருப்பினேன். பல்பு எரியற அந்த இடத்தில் இறுக்கணும். ரெண்டு தடவை பிரிச்சு மறுபடி பார்த்தேன்.

1973லேயே கிரைஸ்லர் அமெரிக்காவில் தன் கார்கள் எல்லாத்துக்கும் எலக்ட்ரானிக் இக்னிஷன் கொடுத்துட்டது. தேய்மானம் இல்லை, இந்தப் பாடும் இல்லை. அதுதான் மேல், பொய் சொல்லக்கூடாது. ஆனா அந்தப் பெட்டி செத்துட்டா நான் பார்த்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான். பாயிண்ட்ல என் தப்பு என் கண்ணுக்குத் தெரியும்.

அப்பாவுக்கு இப்ப 81. திண்ணையிலிருந்து எல்லாத்தையும் பார்த்துக்கிட்டிருந்தார். ஸ்டார்ட்டர் இருந்தும், "கம்பியைப் போட்டுப் பாருடா"ன்னார். கட்டைவிரலை மத்த விரல்களோட ஒரே பக்கம் வெச்சு, கீழேயிருந்து மேலே இழுத்தேன். ரெண்டாவது இழுப்புல பிடிச்சது. அவர் எந்திரிச்சு உள்ளே போயிட்டார்.