பாலைக்குப் பின்பனி ஏன்?

பாலைத் திணைக்கு நண்பகலையும் வேனிலையும் வகுத்த தொல்காப்பியம், உடனடுத்துப் பின்பனியும் அதற்கு உரியது என்கிறது. காய்ந்து வெடித்த நிலத்துக்குப் பனிக்காலம் எப்படிப் பொருந்தும்? பொருள் தேடிப் புறப்படும் தலைவனுக்கு ஏற்ற காலம் என்று விடை சொல்வதுண்டு. அது பிரிவை விளக்குகிறது, வெம்மையை விளக்கவில்லை. அப்பருவத்தின் ஒரே ஒரு நாளைக் கவனித்தால் விடை கிடைக்கும் என்பது என் கருத்து.

உரையாசிரியர்கள் பின்பனியை மாசி, பங்குனி எனக் கணக்கிட்டனர். இந்திய வானிலைத் துறையோ பிப்ரவரியைக் குளிர்காலத்திலும் மார்ச்சைக் கோடையிலும் சேர்க்கிறது. பிப்ரவரி நடுவில் பிறக்கும் மாசி இரண்டுக்குமாகப் பிளந்துபோகிறது. ஆனால் மாசியின் ஒவ்வொரு நாளிலும் இவ்விரண்டு காலமும் வந்து போகின்றன.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்திருக்கும் காலம் அது. மேகம் இல்லாததால் பகல் வெயில் தடையின்றி இறங்குகிறது. அதே காரணத்தால் இரவில் நிலத்தின் சூடு தடையின்றி வெளியேறுகிறது. ஈரம் வற்றிய மண் விரைந்து சூடேறும், விரைந்து ஆறும். சேலம், தருமபுரிப் பக்கம் விடியலில் 20 டிகிரி செல்சியசை ஒட்டி இருக்கும் வெப்பம் பிற்பகலில் 34 வரை ஏறுவது வழக்கம். கார்த்திகையில் மழைமூட்டம் போட்ட நாளில் இந்த இடைவெளி பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழி, திறந்த வானத்தின்கீழ் கூரை குளிர்வதை அறிந்தவர்களின் சொல்.

காவிரிப் படுகையில் சம்பா அறுத்த தாளடியில் விளைந்த உளுந்தை இப்பருவத்தில்தான் எடுக்கிறார்கள். இருள் பிரியுமுன்பே ஆட்கள் வயலில் இறங்கிவிடுவார்கள். பனியில் நனைந்த நெற்று பதமாக இருக்கும்; செடியைப் பிடுங்கினாலும் மணி சிந்தாது. வெயில் ஏறியபின் கை பட்டாலே நெற்று வெடித்து மணி மண்ணில் தெறிக்கும். அதே வயல், அதே செடி. நடுவே சில மணி நேரம்தான்.

மாசி போன்ற ராசி மாதங்கள் பருவத்தோடு ஒட்டி நிற்பதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் அவை பின்தள்ளிப் போகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன் மாசி, பருவக் கணக்கில், இன்றைய பிப்ரவரித் தொடக்கத்தை ஒட்டியே பிறந்திருக்கும். விடியற்பனி அப்போது இன்னும் உறுதியாக இருந்திருக்கும் என்பதால், இந்தத் தடை என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. கடற்கரையில் கடற்காற்று பகலிரவு வெப்ப ஏற்றத்தாழ்வைத் தணித்துவிடும். அது நெய்தல், இங்கே பேச்சில்லை.

காடும் மலையும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்பது சிலப்பதிகாரக் கருத்து. அந்தத் திரிபை ஆண்டுக்கொருமுறை வரும் வறட்சியாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். மாசியில் அது அன்றாடம் நிகழ்கிறது: பனியோடு விடியும் காடு உச்சிப்பொழுதில் பாலையாகி, இரவில் மீள்கிறது. பெரும்பொழுதை மட்டும் பார்த்தால் பின்பனி பாலைக்குப் பொருந்தாது. அதன் நண்பகலைப் பார்த்தால் முழுதும் பொருந்தும்.