மலைப்பாம்புக்கு விளக்கு எதற்கு?

மலைப்பாம்பு இரவில் நடமாடும் பிராணிதானே, அதற்கு விளக்கு எதற்கு என்று நினைக்கிறீங்களா?

பந்துபோல் சுருண்டுகொள்ளும் 'பால் பைத்தான்' நல்ல பராமரிப்பில் 20 முதல் 30 ஆண்டுகள் வாழும். கூண்டுக்குள் அதற்குப் பகல் எது, இரவு எது என்று காட்டுவது நீங்கள் போடும் விளக்குதான்.

தினமும் சுமார் 12 மணி நேரம் வெளிச்சம், பிறகு இருட்டு. பாம்புக்குக் கண்ணிமை இல்லை. ராத்திரி முழுக்க விளக்கு எரிந்தால் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

புற ஊதாக் கதிர் அவசியமா? எலியை முழுசாக விழுங்குவதால் வைட்டமின் டி3, கால்சியம் உணவிலேயே கிடைக்கும். மிதமான யுவிபி விளக்கு கூடுதல் துணை. சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

சூடான பல்பைப் பாம்பு சுற்றிக்கொண்டால் தீக்காயம் ஏற்படும், கம்பிவலை போடுங்க. ஒளிந்துகொள்ள மறைவிடமும் வைங்க.

தீபகற்ப மலேசியாவில் மலைப்பாம்பு வளர்க்க நினைத்தால், முதலில் பெர்ஹிலித்தானிடம் உரிமம் பெறுங்க.