தன்னை அறியாத தலைவர்: பணியிடத்தில் சுயஅறிதலும் உறவுத்திறனும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், பத்துப் பேர் கொண்ட ஓர் அலுவலகப் பிரிவுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். திங்கட்கிழமைக் கூட்டங்களில் எவரும் மறுத்துப் பேசமாட்டார்கள். அதை நான் ஒற்றுமை என்றே நம்பினேன்.

இடமாற்றம் பெற்றுச் சென்ற மூத்த இலிகிதர் ஒருவர், பிரியாவிடைத் தேநீரின்போது என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: “சேர், குறை நினைக்க வேண்டாம். நீங்கள் எங்களிடம் அபிப்பிராயம் கேட்பீர்கள். நாங்கள் வாய் திறக்க முன்னரே பதிலையும் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.”

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த கூட்டத்தில் என்னையே கவனித்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. பிரிவில் எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒரு விடயம் எனக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை.

ஜொஹாரி சாளரம்

இந்த நிலையை விளக்க ஓர் எளிய கருவி உண்டு. அமெரிக்க உளவியலாளர்களான ஜோசப் லுஃப்ட், ஹரிங்டன் இங்ஹாம் ஆகிய இருவரும் 1955இல் இதனை உருவாக்கினர். ஜோ, ஹரி என்ற அவர்களது பெயர்களை இணைத்தே ‘ஜொஹாரி’ என்றனர்.

ஒரு மனிதரைப் பற்றிய விடயங்களை இது நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறது. தனக்கும் பிறருக்கும் தெரிந்தவை திறந்த பகுதி. தனக்குத் தெரிந்தும் பிறருக்குத் தெரியாதவை மறைவான பகுதி. பிறருக்குத் தெரிந்தும் தனக்குத் தெரியாதவை குருட்டுப் பகுதி. எவருக்கும் தெரியாதவை நான்காவது பகுதி.

தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு ஆபத்தானது குருட்டுப் பகுதிதான். பதவி உயர உயர அது பெருக்கிறது. முகாமையாளரிடம் குறை சொன்னால் லீவும் பதவியுயர்வும் பாதிக்கப்படும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அந்த இலிகிதரும் போகும் நாளில்தானே சொன்னார்!

மௌனத்தின் விலை

எங்கள் மாதாந்த அறிக்கையில் இருந்த ஒரு பிழை இருவருக்கு முன்னரே தெரிந்திருந்தது. அறிக்கை மேலிடத்துக்குப் போன பின்னரே எனக்குத் தெரியவந்தது. ஹார்வர்ட் பேராசிரியர் எமி எட்மன்ட்சன் வைத்தியசாலைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களிலேயே அதிக மருந்துப் பிழைகள் பதிவாகியிருந்தன. அவர்கள் கூடுதலாகத் தவறு செய்ததல்ல காரணம். பிழையைப் பயமின்றிச் சொல்ல முடிந்ததே காரணம் என்பது அவரது விளக்கம். பிழை காதில் விழவில்லை என்பதால் பிழையே இல்லை என்றாகிவிடாது.

செய்யக்கூடியவை

என்னிடம் பலித்த மூன்று பழக்கங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, கூட்டத்தில் கடைசியாகப் பேசுவது. இளையவரிலிருந்து தொடங்கினால், மூத்தவர்களின் கருத்தை ஒட்டிப் பேசும் நிலை குறைகிறது.

இரண்டாவது, கேள்வியைக் குறிப்பாகக் கேட்பது. “என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்றால் புகழ்ச்சிதான் கிடைக்கும். “உங்கள் வேலையைச் சிரமமாக்கும்படி நான் செய்வது என்ன?” என்றால் பதில் வரும்.

மூன்றாவதுதான் கடினமானது. பதிலைக் கேட்டவுடன் நியாயம் சொல்லாமல், நன்றி மட்டும் சொல்வது. சொன்னவரை ஒருமுறை தண்டித்தால் போதும், பிறகு எவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

இடித்துரைப்பவர் அருகில் இல்லாத அரசன், பகைவர் இல்லாமலே கெடுவான் என்று வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். எனக்கு இடித்துரைத்தவர் ஓர் இலிகிதர். அவர் போகும்வரை காத்திருக்க வேண்டிய நிலையை உண்டாக்கியவன் நான்.