காபோவின் சிற்பங்களும் நூதனசாலையின் நெருக்கடியும்

கலைப்பொருள் நிலையானது, அதனை மாற்றமின்றிப் பேணுவதே காப்போர் கடமை. நூதனசாலை பற்றிய மரபுவழிக் கருத்து இதுவாகும். கல்லும் வெண்கலமும் இக்கருத்துக்கு இடமளித்தன. இருபதாம் நூற்றாண்டுச் சிற்பமோ இதனைக் கேள்விக்குள்ளாக்கியது. நௌம் காபோவின் (1890-1977) ஆக்கங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

1920 ஆகஸ்டில் காபோவும் சகோதரர் பெவ்ஸ்னரும் மொஸ்கோவில் வெளியிட்ட 'யதார்த்தவாத அறிக்கை', திணிவே சிற்பத்தின் அடிப்படை என்ற கொள்கையை நிராகரித்து, வெளியையும் காலத்தையும் முன்னிறுத்தியது. கைத்தொழில் வளர்ச்சியைப் புதிய சமுதாயத்தின் அடித்தளமாகக் கண்ட புரட்சிச் சூழலில் எழுந்த குரல் அது. எனவே செலுலோயிட், செலுலோஸ் அசற்றேற்று முதலிய பிளாஸ்ரிக்குகளை அவர் கையாண்டமை தற்செயலானதன்று. ஆயின் இவை சந்தைக்கென உற்பத்தியானவை. நூற்றாண்டுகள் நிலைப்பதற்கென ஆக்கப்பட்டவை அல்ல.

செலுலோஸ் அசற்றேற்று வெப்பத்தாலும் ஈரப்பதனாலும் சிதையும்போது அசற்றிக்கமிலம் வெளிப்படும். வினாகிரி மணமே அதன் அறிகுறி. வெளிப்பட்ட அமிலம் சிதைவை மேலும் துரிதப்படுத்தும். தகடுகள் சுருங்கி, வளைந்து, வெடிக்கும். இங்கு ஒரு முரண்பாடு தோன்றுகிறது: பழம்பொருளைக் காக்கும் மூடிய கண்ணாடிப் பேழை, அமில ஆவியைச் சிறைப்படுத்தி இப்பொருளை அழிக்கிறது. பிலடெல்பியா கலை நூதனசாலையிலிருந்த 'வெளியில் அமைப்பு: இரு கூம்புகள்' சிதைந்தே போயிற்று. காற்றோட்டம், குளிர்ச்சி, குறைந்த ஈரப்பதன், அமிலத்தை உறிஞ்சும் பொருள்கள் ஆகியவை சிதைவைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுக்கமாட்டா.

அவ்வாறாயின் பிரதி செய்யலாமா? 2007இல் இலண்டன் டேற் நூதனசாலை இவ்வினாவை ஆராயக் கருத்தரங்கொன்றையே நடத்தியது. பிரதியை எதிர்ப்போர் வாதத்தில் நியாயமில்லாமலில்லை: வெட்டிலும் ஒட்டிலும் பதிந்த கலைஞனின் உழைப்பைப் பிரதி தராது. ஆயினும் 'மூலம்' என்பதன் மீதான வழிபாட்டில் சந்தையின் பங்கையும் நாம் நோக்குதல் வேண்டும். ஒன்றேயொன்று என்பதே அங்கு விலையை நிர்ணயிக்கிறது. காபோவே தம் ஆக்கங்களைப் புதிய பொருள்களில் மீண்டும் அமைத்தவர். 1920இல் தாத்லின் காட்சிக்கு வைத்த கோபுர மாதிரியுரு அழிந்துவிட்டது. 1968இல் ஸ்ரொக்ஹோமில் மீளமைக்கப்பட்டிராவிடின், அது புகைப்படங்களில் மட்டுமே எஞ்சியிருக்கும்.

ஆகவே பிரதி வேண்டும். ஆனால் அது மூலமாக வேடமிடலாகாது. செய்த ஆண்டும் செய்தோர் பங்கும் அதில் வெளிப்படையாகப் பொறிக்கப்படல் வேண்டும். சிதைந்த துண்டுகளும் அருகே பேணப்படல் வேண்டும். கைத்தொழில் யுகத்தின் நம்பிக்கையையும் அதன் எல்லையையும் ஒருங்கே உரைக்கும் ஆவணங்கள் அவை. அவற்றை மறைப்பது வரலாற்றை மறைப்பதாகும்.